உச்சிப்புளியில் ஓர் ஏசி பட்டறை: மீட்டரை முதலில் எடுப்பவர்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் செல்லும் சாலையில், உச்சிப்புளிக் கடைத்தெருவை ஒட்டி, ஒற்றை ஷட்டர் போட்ட சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. ‘ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வேலை செய்யப்படும்’ என்று ஷட்டரிலேயே நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் ஷட்டர் சுருண்டு மேலே போய்விடுவதால் அந்த எழுத்தும் கண்ணில் படாது. மண்டபம் என்ற ஊரில் நாங்கள் நடத்தும் எட்டு அறை விடுதியின் ஆறு ஏசிகளையும் கடந்த பதினான்கு மாதங்களாக இந்தப் பட்டறைக்காரரே பார்த்துவருகிறார். வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பிய கீழக்கரைக்காரர்; எல்லோரும் ‘பாய்’ என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். கேஸ் நிரப்புவதையும் புதிய ஏசி மாட்டுவதையும் இந்த வட்டாரத்தில் பலர் நன்றாகவே செய்கிறார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, மின்சாரக் கண்ட்ரோல்களைச் சோதித்துப் பழுது பார்ப்பதில் இவர் எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, அதைப் பார்க்க வந்த கூட்டத்தால் எங்கள் அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அந்த வாரத்தில்தான் மூன்றாம் எண் அறையின் ஏசி மக்கர் செய்தது. ஒன்றரை டன், கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை, ஐந்து வயது. வெளியே மாட்டிய அவுட்டோர் பெட்டியில் மின்விசிறி சுழலும், கேஸை அழுத்தும் கம்ப்ரசர் சில நொடிகள் உறுமிவிட்டு ‘டக்’கென்று நின்றுபோகும், ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி உறுமும். புகார் கொடுத்ததும் வந்த சர்வீஸ் ஆள் அவுட்டோரின் மேல் கையை வைத்துப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், “கம்ப்ரசர் போச்சு சார்” என்று சொல்லி 16,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பையிலிருந்து எந்த மீட்டரும் வெளியே வரவில்லை என்பதை நான் அப்போது கவனித்தேனே தவிர, அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பாம்பனில் ஐஸ் கம்பெனி ஒன்றில் மின்வேலை பார்க்கும் உறவினர் ஒருவர்தான், பணத்தைக் கட்டுவதற்கு முன் உச்சிப்புளி பாயை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

பாய் வந்ததும் முதலில் மெயினை அணைத்தார். பிறகு, கம்ப்ரசர் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு ஒன்றின் வயர்களை வைத்து அதில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க இறக்கும் வழக்கத்தைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். அது கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு என்றார். அடுத்து அளக்கத் தொடங்கினார். கெப்பாசிட்டரின் மேல் 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 48.6 காட்டியது. ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதால் அதில் குற்றமில்லை. கம்ப்ரசரின் மூன்று முனைகளில் காமனுக்கும் ரன்னுக்கும் இடையே 1.9 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 2.8 ஓம், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 4.7 ஓம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், வந்தது. அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி எங்கும் அறுந்து போகவில்லை. பிறகு மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையைக் கம்ப்ரசர் முனையிலும் மறுமுனையை வண்ணம் சுரண்டிய செம்புக் குழாயிலும் வைத்து அளந்தார். 40 மெகாஓம் வந்தது. அதாவது உள்ளே இருக்கும் சுருளிலிருந்து மின்சாரம் கம்ப்ரசரின் உடம்புக்குக் கசியவில்லை. பதினாறாயிரம் ரூபாய்க்குச் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட கம்ப்ரசர் முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறது என்பது ஏறக்குறைய கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

நான் மிகவும் மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்த சோதனையைத்தான். மெயினைப் போட்டு, கம்ப்ரசர் உறுமாமல் சும்மா இருக்கும் நேரத்தில், அவுட்டோருக்கு வயர் வந்து சேரும் டெர்மினலிலும் கம்ப்ரசர் முனையிலும் வோல்டேஜ் பார்த்தார். இரண்டு இடத்திலும் 212. இதோடு நிறுத்தியிருந்தால் கரண்ட் சரியாக வருகிறது என்றுதான் எவரும் சொல்வார்கள். அவரோ ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரை ஒரு வயரில் மாட்டிவிட்டு, கம்ப்ரசர் உறுமும் அந்தச் சில நொடிகளில் மறுபடியும் இரண்டு இடத்தையும் அளந்தார். டெர்மினலுக்கு வந்து சேரும் வயரில் 198. கம்ப்ரசர் முனையில் 168. டாங் டெஸ்டரில் 30 ஆம்பியர். முப்பது வோல்ட் நடுவழியில் காணாமல் போகிறது. “மோட்டார் மேல தப்பு இல்லண்ணே, சோறு பாதி வழியிலேயே கொட்டிப் போகுது” என்றார். முப்பது ஆம்பியர் ஓடும்போது முப்பது வோல்ட் விழுகிறது என்றால் வழியில் ஒரு ஓம் அளவுக்குத் தடை இருக்க வேண்டும் என்று கணக்கையும் சொன்னார். மின்னோட்டம் இல்லாதபோது அந்தத் தடையில் எதுவும் விழாது என்பதால்தான் சும்மா இருக்கும்போது பார்த்த மீட்டர் எல்லாம் நலம் என்று சொல்லியிருக்கிறது.

தடை இரண்டு இடங்களில் இருந்தது. காமன் வயரின் நுனியில் இருந்த லக் என்னும் உலோகச் செருகுமுனை பச்சைக் களிம்பு ஏறி, அதன் பிளாஸ்டிக் உறை பழுப்பாகக் கருகியிருந்தது; டெர்மினல் பிளாக்கில் நியூட்ரல் வயரை இறுக்கும் திருகாணி துருவேறித் தளர்ந்திருந்தது. வோல்டேஜ் போதாமல் கம்ப்ரசர் சுழலத் தொடங்க முடியவில்லை. சுழலாத மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சூட்டில் ஓவர்லோடு என்னும் பாதுகாப்பு சுவிட்ச் பிரிந்து கம்ப்ரசரைக் காப்பாற்றுகிறது. ஆறியதும் மறுபடி சேர்கிறது. நான் கேட்ட ‘டக்’ சத்தம் அதுதான். கருகிய பகுதியை வெட்டி, உள்ளே பளபளப்பான செம்பு தெரியும் வரை உறையைச் சீவி, ஈயம் பூசிய புதிய லக் வைத்துக் கிரிம்ப் செய்து, டெர்மினல் பிளாக்கையும் மாற்றி, இணைப்புகளின் மேல் மெல்லியதாக வாசலின் தடவிவிட்டார். கம்ப்ரசர் ஒரே இழுப்பில் கிளம்பி 7.4 ஆம்பியரில் ஓடத் தொடங்கியது. சோதனைக் கூலி 500, வேலையும் பொருளும் 650; ஆக 1,150 ரூபாய்.

இந்த ஊர்களில் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் அடிக்கடி நேர்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான், சோழகம் என்னும் காற்றுகள் தென்கடலின் உப்பைத் தூவுகின்றன. அது ஓய்ந்ததும் வாடை வடகடலின் உப்பைக் கொண்டுவருகிறது. படகுக்காரர்கள் ஒரு கடல் கொந்தளிக்கும்போது மறு கடலுக்குப் போய்விடலாம். சுவரில் மாட்டிய அவுட்டோர் எங்கே போகும்? சமையலறை உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் ஈரம் இழுக்கும். ஆகவே இங்கே அவுட்டோருக்குள் படியும் உப்பு பெரும்பாலான இரவுகளில் ஈரப் படலமாகவே இருக்கிறது. செம்பு வயர், பித்தளை லக், இரும்புத் திருகாணி என்று வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தப் படலம் பேட்டரித் திரவம் போல வேலை செய்து ஒன்றை அரிக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் துருவைப் பற்றி டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய நாங்கள், தலைக்கு மேல் தொங்கும் அவுட்டோரின் மூடியை ஐந்து ஆண்டுகளாகக் கழற்றிப் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு. ‘வாட்டர் சர்வீஸ்’ என்று மோட்டார் பம்பை வைத்துப் பீய்ச்சியடிக்கிறார்களே, அப்போது மின்பெட்டியை மூடாமல் அடித்தால் தகடுகளின் உப்பெல்லாம் கரைந்து நேராக இணைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் மூன்றாம் அறைக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் வேறொருவரைக் கொண்டு ஆறு ஏசிகளுக்கும் அந்தத் தண்ணீர் வைத்தியம் செய்திருந்தோம். பாய் மின்பெட்டிக்குப் பாலித்தீன் உறை கட்டிய பிறகே நல்ல தண்ணீரை, அதுவும் மெதுவாக, தகடுகளில் விடுகிறார்.

இரண்டாவது வேலை சிறியதுதான், ஆனால் அவருடைய முறையைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது. ஏழாம் அறையில் ஏசி ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அறையில் 30 டிகிரி இருக்கும், ரிமோட்டில் 24 வைத்திருக்கும். (2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையுள்ள ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்குகின்றன என்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அறைக்குள் நுழைந்ததும் அதை 18க்கு இறக்காத விருந்தினரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) ஏசியை இயக்கும் மின்சுற்றுப் போர்டு போய்விட்டது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். பாய் எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்கிவரச் செய்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, அறை வெப்பத்தை உணரும் சென்சாரை அதற்குள் முக்கினார். ஐஸும் தண்ணீரும் கலந்து நிற்கும் வரை அதன் வெப்பநிலை பூஜ்யம் டிகிரி. அதைவிட மலிவான அளவுகோல் வேறில்லை. இந்த வகை சென்சார் 25 டிகிரியில் 10 கிலோஓம் காட்டும், குளிரக் குளிரத் தடை ஏறும், பூஜ்யத்தில் சுமார் 32 கிலோஓம் வரும். சென்சாரின் வயரில் நேராக ஊசி குத்தி அளந்தபோது 32 வந்தது. போர்டில் செருகும் பிளக்கின் முனையில் அளந்தபோது 35 வந்தது. வயர் ஒன்றுதான், தூரம் ஒரு சாணுக்குள். இடையில் எங்கிருந்தோ கிட்டத்தட்ட மூன்று கிலோஓம் ஏறுகிறது.

பிளக்கின் உள்முனையில் களிம்பு ஏறியிருந்தது. 30 டிகிரியில் அந்த சென்சார் 8 கிலோஓம் சொல்ல வேண்டும். களிம்பின் தடையும் சேர்ந்ததால் போர்டுக்கு 11க்கு அருகில் போய்ச் சேர்கிறது. போர்டோ அறை ஏற்கெனவே 24க்குக் கீழே குளிர்ந்துவிட்டது என்று நம்பிக் கம்ப்ரசரை நிறுத்துகிறது. போர்டு புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, அதற்குப் போன செய்திதான் பொய். முனைகளைச் சுத்தம் செய்து செருகியதோடு வேலை முடிந்தது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐஸுக்குக் காசு நான் கொடுத்தேன்.

மூன்றாவது, போர்டு வேலை. சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு இடி இடித்து மின்சாரம் போய் வந்த பிறகு முதலாம் அறையின் ஏசிக்கு உயிரே இல்லை. புதிய போர்டுக்கு 6,800 ரூபாய் என்று வேறிடத்தில் விலை சொன்னார்கள். பாய் போர்டைப் பட்டறையில் வைத்துப் பார்த்தபோது, மின்பாய்ச்சலைத் தடுக்கும் வேரிஸ்டர் வெடித்திருந்தது. அதன் பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், முன்பு எப்போதோ பழுது பார்த்த யாரோ ஒரு செம்பு இழையை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அந்த இழைதான் போர்டின் செம்புத் தடத்தையும் சேர்த்துக் கருக்கியிருந்தது. சரியான அளவில், அதாவது 3.15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால், அது மட்டும் எரிந்து மற்றவை தப்பியிருக்கும். போர்டின் பின்புறம் காய்ந்த பல்லி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்றாலும் பல்லி நுழையும் வழியை அடைக்கச் சொன்னார்.

வேரிஸ்டரையும் ஃபியூஸையும் மாற்றி, தடத்துக்குக் குறுக்கே வயர் போட்ட பிறகு, போர்டை நேரடியாக மின்சாரத்தில் மாட்டாமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து மாட்டினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்னோட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், போர்டு தப்பிக்கும். பல்பு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தால் பயமில்லை. மினுக்கி அணைந்தது. பிறகுதான் 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வருகின்றனவா என்று பார்த்து, மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அவை சேரும்போது ‘கிளிக்’ சத்தம் வருவது மட்டும் போதாது என்று தொடுமுனைகளுக்குக் குறுக்கேயும் அளந்தார். கடைசியில் போர்டைச் சுத்தம் செய்து காயவைத்து, ஈரம் ஏறாதபடி ஒரு தெளிப்பூச்சு அடித்துக் கொடுத்தார். 1,400 ரூபாய். எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி குறைகள். இன்வெர்ட்டர் ஏசியில் இவரை நம்பி நான் கெட்டேன் என்றே சொல்ல வேண்டும். இந்த ஆண்டு மே மாதம் ஐந்தாம் அறையின் இன்வெர்ட்டர் ஏசி பிழைக் குறியீடு காட்டி நின்றது. சோதனையை முறையாகத்தான் செய்தார்: 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும், மெயினை அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது நிற்கும் என்று எச்சரித்து, மீட்டர் இறங்கும் வரை காத்திருந்து, கம்ப்ரசரின் யு, வி, டபிள்யு மூன்று முனைகளுக்கிடையேயும் தடை சமமாக இருப்பதைக் காட்டி, கோளாறு அவுட்டோர் போர்டில்தான் என்று சொன்னார். அதுவரை சரி. ஆனால் அந்தப் போர்டை இவரால் பார்க்க முடியாது, மதுரைக்கு அனுப்பினார். கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுவே பதினெட்டு நாள் அந்த அறையைப் பூட்டி வைத்தோம். திரும்பி வந்த போர்டு மூன்று வாரம் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிட்டது. வாங்கிய 4,200இல் பாதியைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனாலும், இது தனக்கு எட்டாத வேலை என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்து, உத்தரவாதக் காலமும் மீதி இருந்தால், தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸிடமே போவது நல்லது என்பது என் கருத்து.

கைப்பேசியை எடுப்பதில் இவருக்கு அக்கறை குறைவு. நேரில் போய் நின்றால்தான் வேலை நடக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அடைத்தால் நான்கு மணிக்கு மேல்தான் திறக்கிறார், அது தெரிந்துகொண்டால் சிரமமில்லை. முறையான ரசீது தருவதில்லை. விடுதிக் கணக்குக்கு அது எங்களுக்குப் பெரிய இடைஞ்சல். இவருடன் வரும் உதவிப் பையன் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கையை விட்டதைப் பார்த்து நானே ஒருமுறை சத்தம் போட்டிருக்கிறேன். இவ்வளவு கவனமாக அளக்கும் ஒருவர் அதைக் கவனிக்காமல் இருப்பது எனக்கு இன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு ரப்பர் செருப்பு வந்தது, கையுறை இன்னும் வரவில்லை.

ரசீது தராவிட்டாலும், ஒவ்வொரு முறையும் எடுத்த அளவுகளைக் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்: வோல்டேஜ், ஆம்பியர், கெப்பாசிட்டர் அளவு, தேதி. அவற்றை நான் ஒரு நோட்டில் ஒட்டிவருகிறேன். நான்காம் அறையின் கெப்பாசிட்டர் மார்கழியில் 44, பங்குனியில் 41 என்று இறங்கியிருப்பதை அந்தத் தாள்களை வைத்துத்தான் கண்டுகொண்டு, கம்ப்ரசர் திணறத் தொடங்குவதற்கு முன்பே 350 ரூபாயில் அதை மாற்றினோம். அதன் மேல் 45 என்று அச்சிட்டிருந்தது. கம்ப்ரசர் போச்சு என்று கையை வைத்துச் சொல்பவரிடம் இப்படி ஒரு தாளை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் காலை பதினோரு மணிக்குள் போனால் ஆள் இருப்பார். அதற்கு மேல் இராமேஸ்வரம் பக்கம் வேலைக்குக் கிளம்பிவிடுவார். சோதனைக்கு இப்போது 500 ரூபாய் வாங்குகிறார், பழுதை அவரிடமே சரிசெய்தாலும் அதைக் கழிப்பதில்லை. போர்டை மட்டும் கழற்றி எடுத்துப்போவதாக இருந்தால், எந்த வயர் எங்கே செருகியிருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலாம் அறையின் போர்டோடு போய் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். என்னிடம் படம் இல்லாததால், மண்டபம் வரை வந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்ததற்கு 200 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.